நுரையீரல் புற்றுநோயில் மரபணு வெளிப்பாடு: எந்தக் கேள்விக்கு விடை?

(ஜொகூர் பாருவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



நுரையீரல் புற்றுநோயைப் பற்றிய பொதுமேடைப் பேச்சு பெரும்பாலும் சிகரெட்டில் தொடங்கி சிகரெட்டிலேயே முடியும். அது நியாயந்தான். இந்நோயைத் தடுக்க, புகைப்பதை விடுவதற்கு ஈடான வழி வேறில்லை. 2024 அக்டோபர் 1ஆம் தேதி மலேசியாவில் நடைமுறைக்கு வந்த புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நாம் எல்லாரும் வரவேற்க வேண்டும். ஆனால் இன்று எனக்குத் தரப்பட்ட பொருள், நோய் வந்த பிறகு எழும் கேள்விகளைச் சார்ந்தது. கட்டியிலிருந்து எடுத்த சிறு துணுக்கில் இன்ன மரபணு மிகுதியாக வெளிப்படுகிறது, ஆகவே இந்த நோயாளி நெடுநாள் வாழமாட்டார் என்று ஓர் ஆய்வு சொல்கிறது. இன்ன மரபணு மிகுந்த கட்டிகளில் எதிர்ப்பணுக்களும் மிகுந்திருக்கின்றன, ஆகவே எதிர்ப்பாற்றல் சிகிச்சை பலிக்கக்கூடும் என்று இன்னோர் ஆய்வு சொல்கிறது. இப்படிப்பட்ட கட்டுரைகள் கணக்கின்றி வெளிவருகின்றன. இவற்றை நாம் எப்படி எடைபோடுவது?

மலேசிய நிலவரத்தை முதலில் நினைவில் கொள்வோம். தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் 2012–2016 அறிக்கைப்படி, இந்நாட்டில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் நுரையீரல் மூன்றாம் இடத்தில் இருக்கிறது. ஆண்களை மட்டும் எடுத்தால் இரண்டாம் இடம். நோய் கண்டறியப்படும்போதே பத்தில் ஒன்பது பேருக்கும் மேற்பட்டோர் மூன்றாம் அல்லது நான்காம் நிலையை எட்டிவிட்டிருக்கிறார்கள். 2007 முதல் 2011 வரை நோயுற்றவர்களைப் பின்தொடர்ந்து 2018இல் வெளியான உயிர்வாழ்வு ஆய்வு, மார்பகப் புற்றுநோய்க்கு ஐந்தாண்டு உயிர்வாழ்வு 66.8 விழுக்காடு என்றது. நுரையீரலுக்கு 11 விழுக்காடு என்றது. இந்த 11ஐ மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு புதிய குறிகாட்டியையும் பார்க்க வேண்டும்.

நான் நிலைநாட்ட விரும்புவது ஒன்றே. ஒரு மரபணுவின் வெளிப்பாடு நோயின் போக்கோடு ஒத்துப்போகிறது என்று காட்டுவது தொடக்கம் மட்டுமே. அந்த அளவு எந்தச் சிகிச்சை முடிவை மாற்றுகிறது, யாருடைய திசுவில் அது சோதிக்கப்பட்டது ஆகிய இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்த பின்னரே அது மருத்துவமனைக்குள் வரலாம். அந்த விடை வரும்வரை, நம் நோயாளியின் அரிய திசுத் துணுக்கை எதற்குச் செலவிடுவது என்பதில் நமக்குக் கண்டிப்பு வேண்டும்.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஓர் அடிப்படைச் செய்தி. நம் உடலின் செல்கள் எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒரே டி.என்.ஏ.தான் உள்ளது. புரதம் ஆக்கும் மரபணுக்கள் சுமார் 20,000. ஈரல் செல் ஈரலாகவும் நுரையீரல் செல் நுரையீரலாகவும் இருப்பதற்குக் காரணம், எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்ற வேறுபாடு. இயங்கும் மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. படிகள் உருவாகின்றன, அவற்றிலிருந்து புரதங்கள் உருவாகின்றன. இந்தப் படிகளையோ புரதத்தையோ அளப்பதுதான் மரபணு வெளிப்பாட்டை அளப்பது. மரபணுவின் எழுத்தே மாறிப்போவது பிறழ்வு. அது வேறு செய்தி. பிறழ்வு உண்டா இல்லையா என்று கேட்டால் பெரும்பாலும் ஒற்றை விடை வரும். வெளிப்பாடோ கூடும், குறையும். எந்த அளவுக்குமேல் மிகுதி என்று கோடு போடுவது மனிதர்தான். பின்னால் வரும் சிக்கல்களில் பாதி இந்தக் கோட்டிலிருந்து முளைப்பவை.

1. போக்கைச் சொல்வது வேறு, மருந்தைத் தேர்ந்தெடுப்பது வேறு

ஒரு குறிகாட்டி இரண்டு விதமான வேலைகளில் ஏதேனும் ஒன்றைச் செய்யலாம். எந்தச் சிகிச்சை கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் நோய் எப்படிப் போகும் என்று முன்கூட்டிச் சொல்வது ஒன்று. இந்த மருந்து இவருக்குப் பலன் தருமா என்று சொல்வது மற்றொன்று. முதலாவதை அறிந்தால் அச்சமோ ஆறுதலோ கிடைக்கும். இரண்டாவதை அறிந்தால்தான் மருந்துச் சீட்டு மாறும். கட்டுரைகள் பலவும் முதலாவதை நிறுவிவிட்டு, முடிவுரையில் இரண்டாவதை நிறுவிவிட்டதுபோல் எழுதுகின்றன.

மார்பகப் புற்றுநோயில் இந்த இடைவெளி முறையாகக் கடக்கப்பட்டது. 21 மரபணுக்களின் வெளிப்பாட்டை அளந்து மதிப்பெண் தரும் சோதனை ஒன்று உண்டு. அது நோய் திரும்பும் வாய்ப்பைச் சொல்கிறது என்பதோடு ஆய்வாளர்கள் நிற்கவில்லை. டெய்லர்எக்ஸ் என்ற பெரும் ஆய்வில் 10,273 பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். நடுத்தர மதிப்பெண் பெற்ற 6,711 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குக் கீமோதெரபியுடன் ஹார்மோன் சிகிச்சையும், மறுபாதிக்கு ஹார்மோன் சிகிச்சை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 2018இல் வந்த முடிவு, கீமோதெரபி இல்லாதவர்கள் பின்தங்கவில்லை என்றது. இன்று பல்லாயிரம் பெண்கள் முடி கொட்டாமலும் வாந்தி இல்லாமலும் தப்பிக்கிறார்கள் என்றால் அந்தக் குலுக்கல்தான் காரணம்.

நுரையீரலில் முயற்சிகள் குறைவில்லை. 2007இல் தைவான் ஆய்வாளர்கள் 125 நோயாளிகளின் கட்டிகளிலிருந்து ஐந்து மரபணுக்களைத் தேர்ந்தெடுத்து, அறுவைக்குப் பின் யாருக்கு நோய் திரும்பும் என்று கணித்தார்கள். 2012இல் அமெரிக்க ஆய்வாளர்கள் 14 மரபணுச் சோதனை ஒன்றை உருவாக்கி, கலிஃபோர்னியாவில் 433 பேரிடமும் சீனாவில் 1,006 பேரிடமும் சரிபார்த்தார்கள். இரண்டும் நேர்மையான, கடின உழைப்பின் பயன்கள். இரண்டாவது ஆய்வு இரு கண்டங்களில் நின்று காட்டியது என்பது சிறிய செய்தி அன்று. ஆயினும் ஆபத்து மிகுந்தவர் என்று சோதனை சொன்னவருக்குக் கூடுதல் சிகிச்சை கொடுத்தால் அவர் ஆயுள் நீள்கிறதா என்ற கேள்விக்கு டெய்லர்எக்ஸ் அளவிலான விடை நுரையீரலில் இன்னும் இல்லை.

இதற்கு எதிர்மாறான பாடம் ஒன்றும் உண்டு. அது நம் பகுதியிலேயே எழுதப்பட்டது. ஜெஃபிட்டினிப் என்ற மாத்திரை இ.ஜி.எஃப்.ஆர். என்ற புரதத்தைத் தடுக்கிறது. ஆகவே அந்தப் புரதம் எந்தக் கட்டியில் மிகுதியோ அங்கே மருந்து பலிக்கும் என்றுதான் முதலில் எல்லாரும் எண்ணினார்கள்; அதில் தர்க்கக் குறை எதுவுமில்லை. 2004இல் வெளியான ஆய்வுகள், மருந்துக்கு இணங்கிய கட்டிகளில் அந்த மரபணுவின் எழுத்தே மாறியிருப்பதைக் காட்டின. பின்னர் ஐபாஸ் ஆய்வு வந்தது. மலேசியா உட்பட ஆசிய நாடுகளில் 1,217 பேர் கலந்துகொண்ட அந்த ஆய்வு 2009இல் வெளியானது. பிறழ்வு உள்ளவர்களில் 71.2 விழுக்காட்டினரின் கட்டி மாத்திரையால் சுருங்கியது. பிறழ்வு இல்லாதவர்களில் 1.1 விழுக்காட்டினருக்கு மட்டுமே சுருங்கியது. அவர்களுக்குக் கீமோதெரபியே மேலாக இருந்தது. புரதத்தின் அளவைக் கொண்டு பார்த்தபோது இந்தப் பிரிவினை தெரியவில்லை. வெளிப்பாட்டின் அளவு சொல்லத் தவறியதை எழுத்துப் பிறழ்வு சொன்னது. மருந்தையும் கொடுத்து, ஒப்பிட ஒரு குழுவையும் வைத்து, குறிகாட்டியையும் அளந்ததால்தான் இதை அறிய முடிந்தது.

2. ஒத்துப்போவது எளிது

"ஆயிரம் நோயாளிகளின் தரவில் புள்ளியியல் உறுதியோடு காட்டியிருக்கிறார்களே, அதை எப்படி ஒதுக்குவீர்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. மதிக்கத்தக்க கேள்வி. இதற்கு விடையாக எளிய கணக்கு ஒன்றை முதலில் வைக்கிறேன். நூற்றில் ஐந்து என்ற வழக்கமான புள்ளியியல் வாயிலை 20,000 மரபணுக்களுக்கும் வைத்தால், எந்தத் தொடர்பும் இல்லாமலே தற்செயலாக 1,000 மரபணுக்கள் உள்ளே நுழைந்துவிடும். அதோடு, மிகுதிக்கும் குறைவுக்கும் இடையிலான கோட்டை முடிவு அழகாக வரும் இடத்தில் போட்டுக்கொள்ளும் உரிமையையும் சேருங்கள். அமெரிக்காவின் புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டம் முதலான தரவுகள் எல்லாருக்கும் திறந்து கிடக்கின்றன. அது பெரிய நன்மை. அதனால்தான் வசதியில்லாத பல்கலைக்கழக மாணவரும் ஆராய முடிகிறது. ஆனால் ஒரே தரவில் ஆயிரக்கணக்கானோர் ஆளுக்கொரு மரபணுவைத் தேடும்போது, எல்லாருக்கும் ஏதோ ஒன்று கிடைக்கத்தான் செய்யும்.

இந்தச் சந்தேகத்தை 2011இல் பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர் மூவர் சோதனையாகவே செய்து காட்டினார்கள். மார்பகப் புற்றுநோயின் போக்கைச் சொல்வதாக வெளியாகியிருந்த 47 மரபணுத் தொகுதிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொன்றுக்கும் அதே எண்ணிக்கையில் குருட்டாம்போக்கில் பொறுக்கிய மரபணுக்களை எதிரே நிறுத்தினார்கள். 47இல் 28 தொகுதிகள், அதாவது பத்தில் ஆறு, குருட்டுப் பொறுக்கலைவிட மேலாக இல்லை. நூறு மரபணுக்களுக்கு மேல் குருட்டாம்போக்கில் பொறுக்கினால், அந்தத் தொகுதிகளில் பத்தில் ஒன்பது, நோயின் போக்கோடு புள்ளியியல்படி ஒத்துப்போயின. சாப்பாட்டுக்குப் பின் சிரித்தவர்களின் இரத்தத்தில் மாறிய மரபணுக்களைக்கூட எடுத்துப் பார்த்தார்கள். அவையும் புற்றுநோய்ப் போக்கோடு ஒத்துப்போயின. காரணம் விளங்காததன்று. செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றனவோ அந்த வேகம் ஆயிரக்கணக்கான மரபணுக்களைத் தன்னோடு இழுத்துச் செல்கிறது. வேகமாகப் பிரியும் கட்டி விரைவில் கொல்கிறது. எந்த மரபணுவைத் தொட்டாலும் அந்த ஒரே வேகத்தின் நிழலைத்தான் தொடுகிறோம். நுரையீரலின் அடினோகார்சினோமா வகையிலும் வலுவான கணிப்புத் தொகுதிகள் பெரும்பாலும் செல் பிரிவு மரபணுக்களைச் சார்ந்தே நிற்கின்றன. அப்படியானால் புதிய மரபணுவொன்று, நிலை, வயது, செல் பிரியும் வேகம் ஆகியவற்றுக்கு மேல் என்ன கூடுதலாகச் சொல்கிறது என்று கேட்பதே நியாயமான சோதனை.

"தனித் தொகுதியில் சரிபார்த்துவிட்டோமே" என்பது அடுத்த வாதம். மேலே சொன்ன நிழல் எல்லாத் தொகுதிகளிலும் விழும் என்பதால் சரிபார்ப்பு மட்டும் காப்பாற்றாது. 2008இல் அமெரிக்காவின் பல மையங்கள் கூடி 442 அடினோகார்சினோமாக் கட்டிகளை வைத்துப் பல கணிப்பு முறைகளை மறைப்புச் சோதனைக்கு உட்படுத்தின. வயது, நிலை போன்ற சாதாரண மருத்துவத் தகவல்களோடு சேர்த்தபோதுதான் மரபணு முறைகள் நன்றாகச் செயல்பட்டன. 2010இல் புள்ளியியல் அறிஞர் இருவர் அதுவரை வந்த 16 நுரையீரல் ஆய்வுகளை வரிசையாக ஆராய்ந்து, ஒன்றும் மருத்துவமனைக்குத் தயாராக இல்லை என்று முடிவு சொன்னார்கள்.

இன்னொரு நிகழ்வை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். 2006இல் டியூக் பல்கலைக்கழகக் குழுவொன்று, தொடக்க நிலை நுரையீரல் புற்றுநோயில் யாருக்கு நோய் திரும்பும் என்று மரபணு வெளிப்பாட்டால் கணிக்கும் முறையை உலகின் முதல்தர மருத்துவ இதழில் வெளியிட்டது. அதைக் கொண்டு யாருக்குக் கீமோதெரபி கொடுப்பது என்று தீர்மானிக்கும் பெரிய ஆய்வும் திட்டமிடப்பட்டது. அதே குழு மருந்துப் பலனைக் கணிக்கும் தொகுதிகளையும் வெளியிட்டிருந்தது. அந்தக் கணக்குகளை ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தைச் சேர்ந்த புள்ளியியலாளர் இருவர் வரிக்கு வரி திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். மரபணுப் பட்டியல் ஒரு வரி கீழே நழுவியிருந்தது. ஆகவே பெயரிட்ட மரபணுக்கள் அளந்த மரபணுக்களே அல்ல. சில இடங்களில் மருந்துக்கு இணங்குபவை, இணங்காதவை என்ற முத்திரைகள் தலைகீழாக மாறியிருந்தன. அதற்குள் அந்தக் கணிப்பை வைத்து நோயாளிகளுக்குச் சிகிச்சை தேர்ந்தெடுக்கும் ஆய்வுகள் நடந்துகொண்டிருந்தன. அவை 2010இல் நின்றன. நுரையீரல் கட்டுரை 2011இல் திரும்பப் பெறப்பட்டது. ஒரு வரி நழுவல், உயிரோடு இருக்கும் மனிதர்களின் மருந்தைத் தீர்மானித்தது. பிறர் திரும்பச் செய்து பார்க்க இயலாத கணிப்பை நோயாளியிடம் கொண்டுபோவது தவறு என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வது இதனால்தான்.

3. அளவு யாருடையது?

அறுவையில் கிடைக்கும் கட்டித் துணுக்கில் புற்றுச் செல்கள் மட்டும் இல்லை. டி செல்கள், பி செல்கள், மேக்ரோஃபேஜ்கள் போன்ற எதிர்ப்பணுக்கள், இரத்தக் குழாய்கள், நார்த்திசு எல்லாம் கலந்திருக்கின்றன. அதை மொத்தமாக அரைத்து ஆர்.என்.ஏ. அளப்பது, கல்யாண மண்டபத்துக்கு வெளியே நின்று உள்ளே எழும் இரைச்சலை அளப்பதைப் போன்றது. இரைச்சல் கூடியது தெரியும்; பேசியது மாப்பிள்ளை வீட்டாரா பெண் வீட்டாரா என்று தெரியாது. தைவான் ஆய்வின் ஐந்து மரபணுக்களில் எல்.சி.கே. ஒன்று. அது முதன்மையாக டி செல்களில் இயங்குவது. அது கூடியிருந்தால் புற்றுச் செல் மாறிவிட்டதா, டி செல்கள் திரண்டு வந்திருக்கின்றனவா? மொத்த அளவீடு இரண்டையும் பிரித்துக் காட்டாது.

கணினி முறைகள் கலவையிலிருந்து எதிர்ப்பணுக்களின் பங்கைப் பிரித்தெடுக்கின்றன என்பது உண்மை. 2015இல் வந்த ஒரு முறை 22 வகை எதிர்ப்பணுக்களை மதிப்பிடுகிறது. பயனுள்ள கருவி. ஆனால் "என் மரபணு கூடும்போது டி செல் பங்கும் கூடுகிறது" என்று எழுதும்போது, அந்த மரபணுவே டி செல்லில் இயங்குவதாக இருந்தால், ஒரே பொருளை இருமுறை அளந்து இரண்டும் ஒத்துப்போகின்றன என்று சொல்கிறோம். துணுக்கில் புற்றுச் செல் குறைவாக இருந்தாலே எதிர்ப்பணு மரபணுக்கள் எல்லாம் கூடியதாகத் தோன்றும். எனவே தனிச் செல் அளவீடும், திசுத் தகட்டில் எந்தச் செல்லில் நிறம் ஏறுகிறது என்று நோயியல் வல்லுநர் கண்ணால் பார்ப்பதும் இன்றியமையாதவை. இடமும் முக்கியம். இங்கிலாந்தின் டிரேசர்எக்ஸ் ஆய்வு, ஒரே கட்டியின் வெவ்வேறு மூலைகளில் எடுத்த துணுக்குகளுக்கு வெவ்வேறு ஆபத்துக் கணிப்பு வரக்கூடும் என்று காட்டியது. அந்தக் குழு 2019இல், கட்டி முழுவதும் ஒருசீராக வெளிப்படும் 23 மரபணுக்களை மட்டும் தேர்ந்தெடுத்தது. சரியான திசையில் வைத்த அடி என்று அதைக் கருதுகிறேன்.

வெளிப்பாட்டை அளந்து மருந்து தீர்மானிப்பது நுரையீரலில் ஓரிடத்திலாவது வென்றிருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பேசினால் என் வாதம் ஒருதலைப்பட்சமாகும். பி.டி.-எல்1 என்ற புரதம், தாக்க வரும் டி செல்லைத் தடுத்து நிறுத்துகிறது. இத்தகைய தடைகளை நீக்கும் வழியைத் திறந்ததற்காக ஜேம்ஸ் ஆலிசனுக்கும் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் 2018இல் நோபெல் பரிசு கிடைத்தது. கீநோட்-024 என்ற ஆய்வில், புற்றுச் செல்களில் பாதிக்கு மேல் பி.டி.-எல்1 உள்ள 305 பேர் சேர்க்கப்பட்டார்கள். பி.டி.-எல்1 தடையை நீக்கும் பெம்புரோலிசுமாப் என்ற மருந்தைப் பெற்றவர்களில் 31.9 விழுக்காட்டினர் ஐந்தாண்டுக்குப் பின் உயிரோடிருந்தார்கள். கீமோதெரபி குழுவில் 16.3. முற்றிய நோயில் இது பெரிய மாற்றம். ஆனால் கோட்டை 5 விழுக்காட்டில் போட்டு, நிவோலுமாப் என்ற மருந்தைக் கொண்டு நடத்திய செக்மேட்-026 தோல்வியுற்றது. சாயம் ஏற்றப் பயன்படும் நான்கு சோதனைப் பொருள்களை ஒப்பிட்டபோது மூன்று ஏறக்குறைய ஒத்துப்போயின. நான்காவது குறைவான புற்றுச் செல்களையே காட்டியது. எந்தப் பொருள், எந்தக் கோடு, எந்த மருந்து என்ற மூன்றும் சேர்ந்துதான் குறிகாட்டி. "பி.டி.-எல்1 மிகுதி" என்ற இரண்டு சொற்களுக்குத் தனியாக அர்த்தமில்லை. டி செல்கள் சுரக்கும் இண்டர்ஃபெரான் சார்ந்த 18 மரபணுத் தொகுதி போன்றவை இதைவிட முழுமையான படத்தைத் தரலாம். டி செல்கள் உண்மையிலேயே போரிடுகின்றனவா என்று கேட்பதால் அவற்றின் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு.

4. யாருடைய திசு?

மேலே சொன்ன கீநோட்-024இல் இ.ஜி.எஃப்.ஆர். பிறழ்வு உள்ளவர்கள் சேர்க்கப்படவில்லை. ஐரோப்பிய நாடுகளில் இது சிறு விலக்கு. இங்கே அப்படியன்று. ஐபாஸில் சோதிக்க முடிந்த 437 பேரில் 59.7 விழுக்காட்டினருக்குப் பிறழ்வு இருந்தது. அவர்கள் புகைக்காதவர்கள் அல்லது குறைவாகப் புகைத்து விட்டவர்கள். ஆசிய நாடுகள் ஏழில் நடந்த பயனியர் ஆய்வில் அடினோகார்சினோமா நோயாளிகளில் பாதிப் பேருக்கு, 51.4 விழுக்காட்டினருக்கு, பிறழ்வு இருந்தது. இந்தியாவில் மட்டும் 22.2. சீனரும் மலாய்க்காரரும் இந்தியரும் ஒரே வார்டில் படுத்திருக்கும் ஜொகூரில் இந்த எண்களின் பொருள் என்ன?

பி.டி.-எல்1 இரண்டு வழிகளில் கூடலாம். டி செல்கள் தாக்கும்போது சுரக்கும் இண்டர்ஃபெரானுக்கு எதிர்வினையாகக் கட்டி அதை ஏற்றிக்கொள்ளலாம்; அங்கே தடையை நீக்கினால் போர் தொடரும். அல்லது இ.ஜி.எஃப்.ஆர். பிறழ்வே உள்ளிருந்து அதை ஏற்றிவிடலாம். அங்கே டி செல்களே அதிகம் இல்லாததால் தடையை நீக்கியும் பயனில்லை. தகட்டில் இரண்டும் ஒரே நிறந்தான். 2018இல் வெளியான ஒரு சிறு ஆய்வு இதைக் கண்முன் நிறுத்துகிறது. பிறழ்வும் பி.டி.-எல்1உம் இருந்து, பிறழ்வுக்குரிய மாத்திரையை இன்னும் எடுக்காதவர்களுக்குப் பெம்புரோலிசுமாப் கொடுத்துப் பார்க்கத் திட்டமிட்டார்கள். 25 பேருக்கென்று தொடங்கிய ஆய்வு 11 பேரோடு நிறுத்தப்பட்டது. பெரும்பாலானோருக்குப் பி.டி.-எல்1 பாதிக்கு மேல் இருந்தும், ஒருவருக்கு மட்டுமே கட்டி சுருங்கியது. அந்த ஒருவரின் திசுவை மறுபடி சோதித்தபோது அவருக்குப் பிறழ்வே இல்லை. முதல் அறிக்கை தவறு. பத்து நாடுகளின் 551 நோயாளிகளைத் தொகுத்து 2019இல் வெளியான பதிவேடும் இதையே சொன்னது: எதிர்ப்பாற்றல் சிகிச்சையால் கட்டி சுருங்கியோர் கே-ராஸ் என்ற மரபணுவின் பிறழ்வில் 26 விழுக்காடு, இ.ஜி.எஃப்.ஆரில் 12 விழுக்காடு.

பலனின்மையோடு இது நிற்பதில்லை. எதிர்ப்பாற்றல் மருந்தை முதலில் கொடுத்துவிட்டு, பிறகு இ.ஜி.எஃப்.ஆர். பிறழ்வுக்குரிய ஒசிமெர்டினிப் என்ற மாத்திரையைக் கொடுத்த 41 பேரில் ஆறு பேருக்குக் கடுமையான பக்கவிளைவு ஏற்பட்டது. மூன்று மாதத்துக்குள் மாற்றியவர்களில் 21க்கு ஐந்து பேர். வரிசையைத் திருப்பி, ஒசிமெர்டினிப்பை முதலில் பெற்றவர்கள் 29 பேர். அவர்களில் ஒருவருக்கும் இல்லை. அதாவது பி.டி.-எல்1 முடிவு இரண்டு நாளில் வந்துவிட்டது, பிறழ்வு முடிவுக்கு இரண்டு வாரம் ஆகும், காத்திருக்க வேண்டாம் என்று அவசரப்பட்டால், வெளிப்பாட்டுக் குறிகாட்டியே நோயாளிக்குக் கேடு செய்யக்கூடும்.

"இனத்தின் பெயரால் மருத்துவம் செய்யச் சொல்கிறீர்களா?" என்று கேட்கப்படலாம். இல்லவே இல்லை. ஐபாஸ் நோயாளிகள் ஆசியர், புகைக்காதோர், அடினோகார்சினோமா என்று முகத்தோற்றமும் பழக்கமும் பார்த்துப் பொறுக்கப்பட்டவர்கள். அப்படிப் பொறுக்கியும் பத்தில் நால்வருக்குப் பிறழ்வு இல்லை, அவர்களுக்கு மாத்திரை பின்னடைவாகவே முடிந்தது. ஆகவே தனி நோயாளியைத் தீர்மானிப்பது சோதனை, இனம் அன்று. நான் கேட்பது வேறு. சோதனைகள் உருவாகும் தரவில் எல்லா மக்களும் இருக்க வேண்டும். முன்பு சொன்ன அமெரிக்கப் புற்றுநோய் மரபணு வரைபடத் திட்டத்தின் நுரையீரல் அடினோகார்சினோமா நோயாளிகளில் ஆசியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். உலகெங்கும் வரும் "புதிய குறிகாட்டி" கட்டுரைகளில் பெரும்பகுதி அந்தத் தரவையே அடித்தளமாகக் கொண்டது.

தரவு மாறினால் படமும் மாறும் என்பதற்குப் பாலத்துக்கு அப்பால் சான்று இருக்கிறது. 2020இல் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் கிழக்காசிய வம்சாவளியினர் 305 பேரின் கட்டிகளை ஆராய்ந்தார்கள். ஐரோப்பிய வம்சாவளியினரைவிட அவற்றில் பிறழ்வுகள் குறைவு, மரபணுத்தொகுதி கூடுதல் நிலைத்தன்மை உடையது. வெளிப்பாட்டைக் கொண்டு வகைப்படுத்தியபோது, எதிர்ப்பாற்றல் மரபணுக்கள் மேலோங்கிய ஒரு புதிய உட்பிரிவு தென்பட்டது. அது ஐரோப்பியத் தரவில் காணாதது. நோய்ப்போக்குக் கணிப்பும் இவர்களிடம் துல்லியமாக இருந்தது. வெளிப்பாட்டு ஆய்வு வீண் என்று நான் கருதவில்லை என்பதற்கு இதுவே போதுமான காரணம். ஆனால் ஜொகூரின் தமிழ் நோயாளிக்கு இந்த 305 பேரிடமிருந்து நேர் விடை கிடையாது.

5. ஜொகூரில் செய்யக்கூடியது

நோய்ப்போக்குத் தொகுதிகள் பெரும்பாலும் அறுவை செய்யத்தக்க தொடக்க நிலைக் கட்டிகளில் உருவானவை. அறுவைக்குப் பின் கீமோதெரபி வேண்டுமா என்பதே அவை எதிர்கொள்ளும் கேள்வி. பத்தில் ஒன்பது பேர் முற்றிய நிலையில் வரும் நாட்டில் அந்தக் கேள்வி மிகச் சிலருக்கே எழுகிறது. சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை போன்ற மையத்துக்கு வரும் பெரும்பாலோருக்குக் கையில் இருப்பது மெல்லிய ஊசியாலோ மூச்சுக்குழாய்க் கருவியாலோ எடுத்த நூல் போன்ற துணுக்கு. அதில் சில மெல்லிய சீவல்களே வெட்ட முடியும். எந்த வகைப் புற்று என்று சொல்ல ஒரு பகுதி, இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. ஆகிய மரபணுக்களின் பிறழ்வைச் சோதிக்க ஒரு பகுதி, பி.டி.-எல்1க்கு ஒரு பகுதி என்று போனால் மிச்சம் கொஞ்சமே. ஃபார்மலினில் ஊறிய திசுவில் ஆர்.என்.ஏ. வேறு துண்டுதுண்டாக உடைந்திருக்கும். எனவே அன்றாடச் சிகிச்சையில் வரிசை தெளிவாக இருக்க வேண்டும்: முதலில் பிறழ்வுகள், அடுத்து பி.டி.-எல்1, பலமரபணு வெளிப்பாட்டுத் தொகுதிகளுக்காக அந்தத் துணுக்கைக் கரைக்கக் கூடாது.

அப்படியானால் ஆராய்ச்சியை அமெரிக்காவிடமும் சிங்கப்பூரிடமும் விட்டுவிடலாமே, நம் பணம் மாத்திரைக்கும் புகை ஒழிப்புக்கும் போகட்டுமே என்ற வாதம் இருக்கிறது. இதை முழுவதுமாக மறுக்க எனக்கு மனமில்லை. மாத்திரையா ஆராய்ச்சியா என்று வந்தால் மாத்திரைதான். ஆனால் இங்கே வேண்டியது விலையுயர்ந்த எந்திரம் அன்று. சிகிச்சைக்குப் பயன்பட்டது போக மிஞ்சும் திசுவை நோயாளியின் சம்மதத்தோடு ஒழுங்காகச் சேமிப்பதும், அவருக்கு என்ன மருந்து கொடுக்கப்பட்டது, எத்தனை மாதம் கட்டுப்பட்டது என்று விடாமல் பதிவதுமே வேண்டியவை. மலேசியாவுக்கு இந்தத் திறன் உண்டு. தேசியப் பல்கலைக்கழகமான யூ.கே.எம்.மின் மூலக்கூறு உயிரியல் நிறுவனம் நடத்தும் மலேசியக் கோஹார்ட் திட்டம் 2006 முதல் 2012 வரை 35 முதல் 70 வயதுக்குட்பட்ட 1,06,527 பேரைச் சேர்த்து, அவர்களின் இரத்தத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. சிங்கப்பூரில் 2019இல் 4,810 பேரின் மரபணுத்தொகுதியை வெளியிட்டபோது அதில் 903 மலாய்க்காரரும் 1,127 இந்தியரும் இருந்தார்கள். அவை பொதுமக்களின் தரவுகள். கட்டித் திசுவுக்கும் அதே உழைப்பு வேண்டும். எந்திர அளவீட்டைப் பத்தாண்டு கழித்துக்கூடச் செய்துகொள்ளலாம். இன்று கழிவுப் பையில் போடும் திசுவை அன்று திரும்பப் பெற முடியாது.

சம்மதப் படிவம் இங்கே பெரிய தடை. மலாயிலோ ஆங்கிலத்திலோ அச்சான நான்கு பக்கத்தை நீட்டி, மூச்சு வாங்கும் முதியவரிடம் கையெழுத்து கேட்பது சம்மதம் ஆகாது. தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த ஒரு தமிழ்த் தாய்க்கு, மிஞ்சிய திசு எங்கே போகும், யார் பார்ப்பார், வேண்டாமென்றால் சிகிச்சையில் குறை வருமா என்ற மூன்றையும் அவருடைய பேச்சு வழக்கில், பிள்ளைகளும் உடனிருக்கச் சொல்ல வேண்டும். அந்தப் படிவத்தை எழுதவும், எளிய தமிழில் ஒலிப்பதிவு செய்யவும், மருத்துவமனையில் உட்கார்ந்து விளக்கவும் இந்த அரங்கில் இருப்பவர்களுக்குத் தகுதி இருக்கிறது. அறக்கட்டளைக் குழுவினர் அடுத்த ஆண்டுக்கான தொகையில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்க முடியுமா என்று பரிசீலிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். படிவத்தின் முதல் வரைவை எழுதித் தரும் பொறுப்பை நான் ஏற்கிறேன்.